வானிலே வழி வகுத்தவர்
சேர் யோன் கொத்தலாவலையும் எயர் சிலோனும்

கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உலகத்தின் வாசல் எதுவென்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. வீட்டு மாடியில் ஏறி நின்றாற் போதும், கொழும்புத் துறைமுகம் கண்ணுக்குத் தெரியும். இரவிலே கப்பல்களின் சங்கொலி கேட்டு உறங்கிய சந்ததி எம்முடையது. தூத்துக்குடிக்குப் போனவரும், சிங்கப்பூருக்குப் போனவரும், பாரிஸ்டர் பட்டம் பெறச் சீமைக்குப் போனவரும் அந்தத் துறைமுகத்தின் வழியாகவே போயினர். தலைமன்னாருக்குப் புகைவண்டியிற் சென்று, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடியை அடைந்து, தென்னகத் திருத்தலங்களைத் தரிசித்து மீண்டோர் ஏராளம். உலகத்துக்குப் போகும் வழி நீர்வழியே என்பது எம் முன்னோரின் முடிந்த முடிபாக இருந்தது.

அந்த முடிபை மாற்றியது நகரின் மறுகோடியிலுள்ள இரத்மலானை. அங்கிருந்து 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10 ஆந் தேதி, இலங்கைக்குச் சொந்தமான ஆகாய விமானமொன்று பிரயாணிகளோடு எழுந்து, காங்கேசன்துறையிலே தங்கி, சென்னை மாநகரை அடைந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இன்னும் எட்டு வாரங்கள் இருந்தன. கொடி வருமுன்னே சிறகு வந்தது என்று சொல்லலாம். அந்தச் சிறகை நாட்டுக்குப் பூட்டியவர் அப்பொழுது மந்திரியாக விளங்கிய சேர் யோன் கொத்தலாவலை ஆவார்.

யூபிலி கொண்டாடும் கல்லூரியின் மலரிலே ஆகாய விமானக் கொம்பனியின் கதை எதற்கு என்று வாசகர் வினவலாம். நிறுவனம் ஒன்றைத் தொடங்குவோர் பலர். அதை நிலைக்கச் செய்வோர் சிலர். எயர் சிலோன் எனப் பெயர் பெற்ற அந்தத் தேசிய விமான சேவை வெள்ளி விழா ஆண்டைக் கடந்தது; பொன் விழாவைக் காணவில்லை. அதனைத் தோற்றுவித்தவரோ அதன் பிறப்பையும் கண்டார், இறப்பையும் கண்டார். அவருடைய வாழ்விலும் ஏற்றம் ஒன்றும் வீழ்ச்சி ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், கல்லூரியில் வளர்ந்த எமக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கும் என நம்புகின்றோம்.

இளமையும் அரசியற் பிரவேசமும்

யோன் லயனல் கொத்தலாவலை செல்வக் குடும்பத்திலே பிறந்தாரெனினும், அவரது இளமை செழிப்பாகக் கழிந்ததெனச் சொல்லுதற்கில்லை. போலீஸ் உத்தியோகத்தராயிருந்து பின்னர் வர்த்தகத்தில் இறங்கிய தந்தையார் 1907 ஆம் ஆண்டில் மிகத் துயரமான முறையிலே உயிர் நீத்தார். குடும்பத்தின் பெருமையும் பொருளும் ஒருங்கே ஆட்டங்கண்டன. அன்னையார் அலிஸ் அம்மையார் மனந்தளராது தோட்டங்களையும் காரீயச் சுரங்கங்களையும் தாமே மேற்பார்வை செய்து, சிதைந்த குடும்பத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். விழுந்ததை எடுத்து நிறுத்தும் வன்மையை மகன் அன்னையிடத்தே கற்றிருத்தல் வேண்டும்.

கொழும்பு றோயல் கல்லூரியிலே பயின்ற யோன், பின்னர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்து விவசாயக் கல்வி கற்றார். புத்தகத்தினும் விளையாட்டிடமே அவருக்குப் பற்று அதிகம் என்பர். குதிரையேற்றமும் கிறிக்கெட்டும் அவர் பெரிதும் விரும்பியவை. தாயகம் மீண்டபின் தொண்டர் படையிலே சேர்ந்து உயர்ந்த பதவிகளை வகித்தார். போர்வீரனுடைய மிடுக்கு அவர் நடையிலும் பேச்சிலும் இறுதிவரை இருந்தது. அச்சமின்மை, தாராளம், முன்கோபம், எண்ணியதை எண்ணியவாறே சொல்லிவிடும் இயல்பு ஆகிய நான்கும் அவரை உயர்த்தின. அந்நான்குமே அவரை வீழ்த்தவுஞ் செய்தன.

சர்வசன வாக்குரிமை வந்த 1931 ஆம் ஆண்டிலே குருநாகல் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிற் புகுந்தார். 1936 இல் அமைந்த இரண்டாவது சபையிலே போக்குவரத்து, மராமத்து மந்திரியாகத் தெரிவானார். நாட்டின் பாதைகளையும் மின்சாரத்தையும் புகைவண்டியையும் பற்றிச் சிந்திக்கும் பொறுப்பு இவ்வாறு அவரிடம் வந்தது. இலக்சபானா நீர்மின் திட்டம் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திரா கண்ட அந்தக் கனவு 1950 இல் ஒளியாக மாறியதில் இம்மந்திரியின் விடாமுயற்சிக்கும் பங்குண்டு.

இரத்மலானைத் திடல்

இரத்மலானையில் விமானத் திடல் அமைக்கும் வேலை அவர் மந்திரியாகுமுன்னரே தொடங்கியிருந்தது. 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் தேதி சென்னை விமானக் கழகத்தின் பயிற்றாசிரியர் ஒருவர் சிறு விமானமொன்றை ஓட்டி வந்து அங்கே முதன்முதல் இறங்கினார். 1938 இல் தாதா கொம்பனியாரின் தபால் விமானம் கராச்சியிலிருந்து சென்னை வழியாகக் கொழும்புக்கு வரலாயிற்று. எனவே, இலங்கையின் வான்வாசலை முதலிலே தட்டியவை தமிழகத்தின் பக்கமிருந்து வந்த விமானங்களே.

மந்திரியாரின் இல்லமாகிய கந்தவளை மாளிகை அந்தத் திடலுக்கு அருகே அமைந்திருந்தது. காலையிலே தம் வீட்டு விருந்தினருக்கு அப்பம் படைத்து உபசரிக்கும் வழக்கமுள்ள அவர், அதே வேளையில் விமானங்களின் இரைச்சலையும் கேட்டிருப்பார். அயலிலே நாள்தோறும் ஒலித்த அந்த இரைச்சல் அவர் உள்ளத்திலே ஓர் ஆசையை விதைத்ததென்று கொள்வது தவறாகாது.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 ஏப்பிரில் 5 ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை மக்கள் ஆகாய விமானத்தை அறிந்துகொண்டது அன்றுதான் என்றே சொல்ல வேண்டும். பெட்டி படுக்கையுடன் ஊர்களுக்கு ஓடியோர் பலர். வானிலே இரைச்சல் கேட்டால் குழந்தைகளை அணைத்துக்கொண்டு மேசைக்கடியில் ஒளிந்த காலம் அது. ஐந்தாண்டுகள் கழிந்தபின் அதே மக்கள் அதே வானிலே மாலையும் கழுத்துமாகப் பிரயாணஞ் செய்யப் போகின்றார்கள் என்று அன்று எவர் கண்டார்?

மூன்று தேவிகள்

யுத்தம் முடிந்ததும் உலகெங்கும் டக்கோட்டா என்னும் போர்க்காலச் சரக்கு விமானங்கள் மலிவான விலைக்குக் கிடைத்தன. வடக்கே பலாலியில் யுத்த காலத்தில் அமைத்த விமானத் திடல் தயாராக இருந்தது. யுத்தத்திலே பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தனர். வேண்டியது துணிவு ஒன்றே. அது மந்திரியாரிடம் நிறைய இருந்தது. மூன்று டக்கோட்டாக்கள் வாங்கப்பட்டன. அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயர் சூட்டினர். இராமகாதையின் நாயகி ஒருத்தியும் இந்நாட்டுச் சரித்திரத்தின் அரசியர் இருவரும் ஒரே குடும்பத்துச் சகோதரிகளைப் போல இரத்மலானையில் நின்ற காட்சி, புதிய நாடு எவ்வாறு இருக்கலாம் என்பதற்கோர் அடையாளமாகத் தோன்றியது.

முதற் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது என்பதை நாம் மீண்டும் நினைத்தல் தகும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகைவண்டிப் பாதை ஏறக்குறைய 250 மைல். இரவு மெயிலில் ஏறினால் மறுநாட் காலையிலேதான் ஊர் முகம் காணலாம். டக்கோட்டாவோ ஒன்றரை மணி நேரத்துள் பலாலியில் இறக்கிவிடும். கட்டணம் யாவர்க்கும் எட்டியதன்று. ஆயினும் தாய் தந்தையர் அவசர நோயுற்றார் என்று தந்தி வந்தால், கொழும்பிலே உத்தியோகம் பார்த்த மகன் அன்றைக்கே ஊர் சேரலாம் என்னும் நிலை வந்தது. சென்னையிலே கல்வி பயின்ற மாணவரும், சரக்கெடுக்கப் போன செட்டியார் தெரு வர்த்தகரும், சங்கீத வித்துவான்களும், தல யாத்திரிகரும் அவ்வழியே போய் வந்தனர். பின்னாளிலே திருச்சிராப்பள்ளிக்கும் சேவை நடந்தது. 1964 டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, அந்த வான்வழியின் அருமையை எம்மவர் நன்கு உணர்ந்தனர்.

பிறர் சிறகில்

அயலூர்களுக்குப் பறந்தது போதாதென்று மந்திரியார் எண்ணினார். சுதந்திர நாடொன்றின் கொடி இலண்டனிலும் சிட்னியிலும் இறங்குதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குப் பெரிய விமானங்கள் வேண்டும். பெருஞ் செல்வம் வேண்டும். நெடுந்தூரம் ஓட்டிப் பழகிய விமானிகள் வேண்டும். இவை எம்மிடம் இல்லை. ஆகவே 1949 இல் அவுஸ்திரேலிய நாஷனல் எயர்வேய்ஸ் என்னும் கொம்பனியாருடன் கூட்டு ஏற்பட்டது. நூற்றுக்கு 51 பங்கு அரசாங்கத்தினது. 49 பங்கு அவர்களது. நான்கு இயந்திரங்களையுடைய ஸ்கைமாஸ்டர் விமானங்கள் இரண்டு வந்தன. ஒன்றுக்கு இலக்சபானா என்றும் மற்றதற்கு இரத்மலானை என்றும் பெயரிட்டனர். மந்திரியாருடைய இரண்டு அன்புப் பணிகளும் இவ்வாறு விமானத்தின் நெற்றியில் எழுதப்பட்டன. 1951 இல் சட்டத்தின் மூலம் எயர் சிலோன் ஒரு கூட்டுத்தாபனமாயிற்று.

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கின்றது. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ பிறர் சிறகிலே பறந்து, அதற்கிடையில் தம் சிறகை வளர்த்துக்கொள்வது விவேகம். பிறர் சிறகே தம் சிறகென்று நம்பியிருப்பது வேறு. அவுஸ்திரேலியக் கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. அது கலைந்ததும் தூரதேச சேவையும் நின்றது. 1956 இல் ஒல்லாந்து நாட்டு கே. எல். எம். கொம்பனியார் கூட்டாளிகளாயினர், கொன்ஸ்டலேஷன் விமானம் மகாதேவி என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குப் பறந்தது. 1962 இல் ஒல்லாந்தரின் இடத்தைப் பிரித்தானியரின் பீ. ஓ. ஏ. சி. பிடித்தது, கொமெட் என்னும் ஜெற் விமானத்திலே எம் பெயர் பறந்தது. 1972 இல் பிரெஞ்சுக்காரரின் யூ. டீ. ஏ. கொம்பனி வந்தது, டி. சி. 8 விமானம் வந்தது. கூட்டாளி மாறும் ஒவ்வொரு முறையும் விமானமும் மாறிற்று. பழுது பார்க்கும் முறையும் மாறிற்று. ஊழியர் கற்ற பாடமும் மாறிற்று. சேர்த்து வைத்த அனுபவத்தைக் கொண்டு மேலே கட்டுவதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் அத்திவாரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பிரதமரின் வாக்கு

இதற்கிடையே சேர் யோனுடைய அரசியல் வாழ்வு உச்சியைத் தொட்டு இறங்கிவிட்டது. 1948 இல் சேர் பட்டம் பெற்ற அவர், 1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்கா மறைந்தபோது பிரதமர் பதவி தமக்கே வருமென எதிர்பார்த்தார். அது டட்லி சேனநாயக்காவுக்குப் போயிற்று. 1953 ஓகஸ்டில் நிகழ்ந்த ஹர்த்தாலின் பின் டட்லி விலகவே, அவ்வாண்டு ஒக்டோபர் 12 ஆந் தேதி சேர் யோன் பிரதமரானார்.

பிரதமராக அவர் ஆற்றியவை சிலவற்றை மறுத்தல் நியாயமாகாது. 1954 இல் ஆசியப் பிரதமர் ஐவரைக் கொழும்பிலே கூட்டினார். 1955 இல் பாண்டுங் மகாநாட்டிலே பெரிய வல்லரசுகளுக்கு அஞ்சாது தம் கருத்தை எடுத்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியிலே இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றது. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி 1954 சனவரியிலே நேருவுடன் உடன்படிக்கை செய்தார்; ஆயினும் அந்த உடன்படிக்கை அம்மக்களின் துன்பத்தைத் தீர்க்கவில்லை.

தமிழராகிய எம் நெஞ்சில் அவர் பெயர் நிலைத்திருப்பது வேறொரு நிகழ்ச்சியால். 1954 இல் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது கொக்குவில் இந்துக் கல்லூரியிலே வரவேற்பு அளிக்கப்பட்டது. அதிபர் ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிக்குமாறு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என வேண்டினார். பிரதமர் தயங்காது அவ்வாறே செய்வதாக வாக்களித்தார். அந்த வாக்கு எம் போன்றதோர் இந்துக் கல்லூரியின் எல்லைக்குள் அளிக்கப்பட்டது என்பதை இம்மலரை வாசிக்கும் எவரும் மறத்தலாகாது. அன்று அங்கிருந்தோர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தெற்கிலே அவ்வாக்குக்கு எதிராகப் பெரும் புயல் எழுந்தது. பிரதமர் முதலில் விளக்கங் கூறினார், பின்னர் தளர்ந்தார், முடிவில் 1956 பெப்ரவரியில் களனியிலே கூடிய அவருடைய கட்சி, சிங்களமே அரச கரும மொழியாதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. வாக்களித்தவரே வாக்கைக் கைவிட்டார். அதனால் அவருக்குக் கிடைத்த பயன்தான் யாது? ஏப்பிரிலில் நடந்த தேர்தலிலே 95 ஆசனங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. வடக்கின் நம்பிக்கையையும் இழந்தார்; தெற்கின் ஆதரவையும் பெறவில்லை. புதிய அரசாங்கம் அவ்வாண்டிலேயே தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றியது. அதன் விளைவுகளை அனுபவித்தவர்களுக்கு அவற்றை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் அவரைப் பகைமையோடு நினைக்கவில்லை. அவர் கொக்குவிலில் உள்ளத்திலே தோன்றியதையே சொன்னார் என்று நம்புவதற்கு இடமுண்டு. எயர் சிலோனைத் தொடங்கிய அதே மனந்தான் சம அந்தஸ்து வாக்கையும் அளித்தது. நல்லதைக் கண்டவுடன் கைநீட்டும் மனம் அது. ஆனால் தொடங்கும் வேகம் ஒன்று. எதிர்க்காற்று வீசும்போது திசை மாறாது நிற்கும் உறுதி மற்றொன்று. முன்னையது அவரிடம் நிறைந்திருந்தது. பின்னையது போதியதாக இருக்கவில்லை.

வீழ்ச்சி

தேர்தலின்பின் சேர் யோன் கட்சித் தலைமையை விட்டு விலகி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலே சில காலமும் கந்தவளையிலே சில காலமுமாக வாழ்ந்தார். எயர் சிலோனோ மந்திரி மாற மந்திரி மாற, கூட்டாளி மாறக் கூட்டாளி மாறப் பறந்துகொண்டிருந்தது. அக்காலத்தை முழுதும் இருண்ட காலமென்று கூறுவது பிழை. 1964 இல் அவ்ரோ விமானம் வந்தது. உள்நாட்டுச் சேவைக்கும் அயல்நாட்டுச் சேவைக்கும் பல்லாண்டு உழைத்தது. 1969 இல் ட்றைடன்ற் ஜெற் விமானம் வந்தது. அயல் நாடுகளிலும் மதித்து அழைக்கப்பட்ட விமானிகளும் பொறியியலாளரும் அந்த நிறுவனத்திலே உருவாயினர். அவர்களுள் தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் முஸ்லிம்களும் இருந்தனர்.

ஆயினும் நோய் உள்ளேயிருந்தது. பத்து விமானங்களையுடைய கொம்பனியிலே ஒன்று பழுதானால் ஒன்பது பறக்கும். ஒரேயொரு ஜெற் விமானத்தை வைத்துக்கொண்டு சேவை நடத்துவோருக்கு, அது பழுதானால் அட்டவணை முழுவதுமே பழுதாகும். தாமதம் ஏற்படும், தாமதத்தால் பிரயாணி வேறு கொம்பனியை நாடுவான், அவன் போனதும் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் இரண்டாவது விமானம் வாங்க முடியாது. இந்தச் சுழலை உடைப்பதற்கு மூலதனம் வேண்டும். அல்லது சிறு சேவையைச் செவ்வனே நடத்தும் அடக்கம் வேண்டும். இரண்டுமின்றிப் பெரிய நாடுகளைப் போலப் பறக்கவேண்டுமென்ற ஆசை மட்டும் இருந்தது. 1973 இன் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் விலை பன்மடங்காக ஏறியபோது செல்வமுள்ள கொம்பனிகளே தடுமாறின. எயர் சிலோன் எம்மாத்திரம்? அரசாங்கக் கூட்டுத்தாபனமாதலால், எந்தப் பாதையிற் பறப்பது, எவரை வேலைக்கமர்த்துவது என்பனவும் அரசியற் காற்றுக்கு ஏற்பவே அசைந்தன.

1978 செப்டெம்பர் 7 ஆந் தேதி இரத்மலானையிலே அவ்ரோ விமானமொன்று குண்டு வெடித்து எரிந்து அழிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதன் பிரயாணிகள் இறங்கிய பின்பு நிகழ்ந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. தமிழீழ விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினர். புதிய அரசியலமைப்பு அமுலுக்கு வந்த நாளும் அதுவே. வடக்கையும் தெற்கையும் இணைத்தற்கெனத் தொடங்கிய அந்த வழியிலே, தொடங்கிய அதே திடலிலே, முப்பத்தோராண்டுக்குள் விமானம் சாம்பராய்க் கிடந்தது. 1956 இல் முறிந்த வாக்குக்கும் 1978 இல் எரிந்த விமானத்துக்கும் இடையிலே பல காரணங்கள், பல கைகள், பல குற்றங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு மனிதர் தலையிற் சுமத்துவது அறமாகாது. எனினும் அவை ஒரே பாதையின் இரு மைற்கற்கள் என்பதை எவர் மறுப்பார்?

எயர் சிலோனைத் திருத்துவதிலும் புதிதாகத் தொடங்குவதே மேல் என அன்றைய அரசாங்கம் கருதிற்று. பழைய கூட்டுத்தாபனம் மூடப்பட்டது. 1979 சனவரியிலே எயர் லங்கா என்னும் புதிய கொம்பனி பதிவு பெற்றது. சிங்கப்பூர் விமான சேவையாரின் துணையோடு, அவர்களிடமிருந்து பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களைக் கொண்டு, அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் தேதி பறக்கத் தொடங்கிற்று. மறுபடியும் பிறர் சிறகு! பின்னர் 1998 இல் எமிரேட்ஸ் கொம்பனியார் பங்காளிகளாக வந்து, 2008 இல் விலகினர். ஶ்ரீலங்கன் எனப் பெயர் மாறிய அந்தச் சேவை அதன்பின் தாங்கவொண்ணா நட்டத்தையும் கடனையும் சுமந்தது. பெயர்கள் மாறின; பாடம் கற்கப்பட்டதாகத் தெரியவில்லை.

தாம் பெற்ற குழந்தை இறந்து, அதன் இடத்திலே வேறொரு குழந்தை வைக்கப்பட்டதைக் கண்ட முதியவர் 1980 ஒக்டோபர் 2 ஆந் தேதி கண்மூடினார். அயலிலே விமானங்கள் இரைந்த கந்தவளை மாளிகையை அவர் நாட்டுக்கே அளித்துச் சென்றார். 1981 இல் அவர் பெயரால் அங்கே தோன்றிய பாதுகாப்புக் கலைக்கழகம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அவர் ஆசையோடு தொடங்கிய விமான சேவை அழிந்தது. அமைதியாகக் கொடுத்த நிலமோ கல்விச்சாலையாக நின்று நிலவுகின்றது. கல்வித் தாபனமொன்றின் விழா மலரிலே இதனைச் சொல்வதில் எமக்கு ஒரு மனநிறைவு உண்டு.

மீண்டும் ஒரு வழி

யுத்த காலத்திலே யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்குமிடையே விமானப் பயணம் என்பது பழங்கதையாயிற்று. பலாலியைச் சூழ்ந்த ஊர் மக்கள் வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்தனர். முடிவில் 2019 ஒக்டோபர் 17 ஆந் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானமொன்று வந்து இறங்கியது. தொற்றுநோய்க் காலத்திலே தடைப்பட்ட சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. 1947 இல் டக்கோட்டா பறந்த கடலின் மேலே மீண்டும் விமானம் பறந்தது. அதிலே வந்தவர்களுள் எத்தனை பேருக்குச் சேர் யோனின் நினைவு வந்ததோ அறியோம். வந்திருப்பின், நன்றியும் வருத்தமும் சேர்ந்தே வந்திருக்கும்.

மாணவ மணிகளே! உங்களுள் நாளை நிறுவனம் தொடங்குவோரும், அதனை நடத்துவோரும், நாட்டை ஆள்வோரும் இருப்பீர்கள். தொடங்குவதற்கு அஞ்சாதீர்கள். சேர் யோன் அஞ்சியிருந்தால் அந்த முதல் விமானம் எழுந்திராது. பிறர் துணையை இகழவும் வேண்டாம். ஆனால் துணை இருக்கும்போதே சொந்தக் காலைப் பலப்படுத்திக்கொள்ளுங்கள். வாக்களிக்குமுன் எத்தனை முறை வேண்டுமாயினும் சிந்தியுங்கள். அளித்தபின் கைதட்டல் நின்று கல்லெறி தொடங்கினாலும் அவ்விடத்திலேயே நில்லுங்கள்.

பழைய மாணவர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. எங்கள் கல்லூரி இந்த யூபிலியை அடைந்தது ஒருவருடைய வேகத்தால் அன்று. தொடங்கியவர் போனபின்னும் தொடர்ந்தவர்கள் இருந்தார்கள். மாதச் சம்பளம் பிந்திய காலத்திலும் மணியடித்ததும் வகுப்புக்குள் நுழைந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். கூரை ஒழுகியபோது சொல்லாமற் கொள்ளாமற் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த விமானத்தின் நெற்றியிலும் எழுதப்படவில்லை. ஆயினும் எயர் சிலோனுக்கு வாய்க்காதது எம் கல்லூரிக்கு வாய்த்தது அவர்களால்தான். அந்த மரபு அறாது காப்போமாக.